அப்பா, துப்பாக்கி சும்மா இருக்கா?

மகன் வேலைக்குப் போன வருஷத்திலிருந்து நவம்பர் முதல் வாரத்தில் ஒரு போன் வரும். "அப்பா, எயிட் செவன்ட்டி சும்மா இருக்கா? தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச வாரத்துக்கு வேணும்பா." அவனுக்கு இப்போது 31 வயது. கொலம்பஸில் சொந்த வீடு, நல்ல சம்பளம். நினைத்தால் நாளைக்கே கடைக்குப் போய் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதில்லை. மகளும் அப்படித்தான். இண்டியானாபோலிஸிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு டேட்டனுக்கு வந்து, இருபது கேஜை எடுத்துக்கொண்டு போவாள். அடுத்த முறை வரும்போது துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

கோபியில் இருக்கும் என் அக்காவுக்கு இது இன்றுவரை ஆறவில்லை. போனில் பேசும்போதெல்லாம் கேட்பார்: "ஏண்டா தம்பி, பெத்த புள்ளைங்க கையில துப்பாக்கியத் தூக்கிக் குடுக்கறயே, உனக்குப் பயமா இல்லையா?" அக்கா கேட்பதில் தப்பே இல்லை. நம் ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளிலோ, வங்கி வாசலில் காவலர் மடியிலோ இருப்பது. அதை வீட்டில் வைத்து, பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்து வாங்குவது என்பது எப்படிச் சொன்னாலும் விபரீதமாகத்தான் கேட்கும். போனில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு இந்தப் பழக்கம் கல்லூரி என்.சி.சி.யில் ஆரம்பித்தது. பாயிண்ட் டூ டூ ரைஃபிள், தரையில் குப்புறப் படுத்து ஆளுக்கு ஐந்து தோட்டா. அந்த ஐந்தும் அட்டையில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள் விழுந்ததை வீட்டுக்கு வந்து எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. அதோடு விட்டுப்போனது. அமெரிக்கா வந்த புதிதில் ஹெச்-1பி விசா. அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இந்நாட்டுச் சட்டத்தில் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகுதான், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு சனிக்கிழமை என்னை ட்ராப் சுடும் இடத்துக்கு அழைத்துப் போனார். வயல் ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு சின்ன கான்கிரீட் அறை. அதற்கு 16 கஜம் பின்னால் வரிசையாக ஐந்து நிலை. "புல்!" என்று குரல் கொடுத்தால் அறைக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று சீறிக்கொண்டு வெளியே வரும். இடமா, வலமா, நேராகவா என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு நிலைக்கு ஐந்து, மொத்தம் 25 தட்டு. அன்றைக்கு நான் உடைத்தது நான்கு.

மண் தட்டு என்று சொல்கிறார்களே தவிர, இப்போது அது சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்து அச்சில் வார்ப்பது. உள்ளங்கை அகலம். கையில் எடுத்து அழுத்தினால் விரிசல் விடும். முன்பெல்லாம் உயிருள்ள புறாக்களைப் பெட்டியில் அடைத்துவைத்து, திறந்துவிட்டுச் சுட்டிருக்கிறார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. உடைந்த சில்லுகள் வயலெங்கும் கிடந்தன. 1880-ல் சின்சினாட்டிக்காரர் ஜார்ஜ் லிகாவ்ஸ்கி மண் தட்டைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம் சின்சினாட்டி. எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் வாண்டேலியாவில்தான் 1924 முதல் 2005 வரை வருஷா வருஷம் ட்ராப் சுடுபவர்களின் பெரிய திருவிழாவான கிராண்ட் அமெரிக்கன் நடந்தது. அன்னி ஓக்லி பிறந்த டார்க் கவுண்டியும் பக்கத்தில்தான். இந்த மண்ணுக்குக் குடிவந்த எனக்கு இந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சேஃபில் மூன்று துப்பாக்கிகள் சேர்ந்தன. முதலாவது ரெமிங்டன் 870, பன்னிரண்டு கேஜ், முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளிச் சுடுவது. இரண்டாவது, மகளுக்காக வாங்கிய இருபது கேஜ், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல். மூன்றாவது ஒரு ரூகர் பாயிண்ட் டூ டூ; அது என் என்.சி.சி. ஞாபகத்துக்காக. கேஜ் கணக்கு தெரியாதவர்களுக்கு: குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்றால் அது பன்னிரண்டு கேஜ். இருபது குண்டுகள் வேண்டுமென்றால் இருபது கேஜ். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்.

என் மனைவிக்குச் சுடுவதில் துளியும் ஆசை கிடையாது. ஆனால் ஆயுத பூஜை அன்று காருக்கும் தையல் மெஷினுக்கும் மிக்சிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, சேஃபின் கதவிலும் சந்தனம் குங்குமம் வைப்பாள். கதவைத் திறக்க மாட்டாள். "உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு வெளிய இருந்தே கும்புட்டுக்கறேன்" என்பாள்.

பிள்ளைகள் வளர வளர, சுடுவதைவிட நான் அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது இரவல் வாங்கும் முறையைத்தான். கொடுக்கும்போது நான் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பேன். அறை காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பேன். கையில் வாங்கியதும் அவர்களும் அதையே முதலிலிருந்து செய்ய வேண்டும். "நீங்க இப்பத்தானே பாத்தீங்க" என்று சொல்லக் கூடாது. அப்பா பார்த்தார் என்பது கணக்கில் வராது. பிறகு மூன்று கேள்வி: எங்கே, யாருடன், எப்போது திரும்பி வரும். அதற்கும் பிறகு, கேள்வி மாதிரி இல்லாமல் நான் கேட்கும் நாலாவது ஒன்று உண்டு: "எப்படிடா இருக்க?" அதைக் கேட்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். காரை இரவல் கேட்கும் பிள்ளையிடம் யாரும் இப்படி நின்று கேட்பதில்லை. துப்பாக்கி கேட்கும் பிள்ளையிடம் கேட்காமல் இருக்க முடியாது.

2017 கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வெஸ்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையில்லாத சட்டையின் பெரிய பைகளில்தான் தோட்டாவைப் போட்டுக்கொள்வது. அவள் முடித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். அவன் மாட்டிக்கொண்டு, தன் பன்னிரண்டு கேஜ் தோட்டாக்களை அதே பையில் போட்டான். மூன்றாவது நிலையில் பைக்குள் கை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். துப்பாக்கியைத் திறந்து, காலி என்று காட்டிவிட்டு, என்னிடம் நடந்து வந்தான். கையை விரித்தான். சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள்.

அந்த மஞ்சள் ஏன் மஞ்சள் என்பதைச் சொன்னால்தான் அவன் முகம் ஏன் வெளுத்தது என்று புரியும். இருபது கேஜ் தோட்டா கொஞ்சம் ஒல்லி. அதைப் பன்னிரண்டு கேஜில் போட்டால் அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலின் தொடக்கத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும். சுடுகிறவர் போட மறந்துவிட்டோம் என்று நினைத்து, பின்னால் இன்னொரு சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னே அடைத்துக்கொண்டிருப்பதோடு மோதிக் குழலே வெடித்துப் பிளக்கும். குழலைத் தாங்கும் இடது கை இருப்பது அதே இடத்தில்தான். இந்த ஒரு குழப்பம் நேரக் கூடாது என்பதற்காகவே இருபது கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கு யாரையும் நான் திட்டவில்லை. மூவரும் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். அவள்தான் அழுதாள். மறு வாரமே ஆளுக்கொரு வெஸ்ட் வாங்கினோம். எதை இரவல் வாங்கினாலும் பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது அன்றிலிருந்து வீட்டு வழக்கம். அந்த மஞ்சள் தோட்டா இன்னமும் சேஃபின் மேல்தட்டில், சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழ் நண்பர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். ஒஹாயோவுக்குள் அப்பா மகனுக்கு இரவல் கொடுக்கவோ, ஒரேயடியாகக் கொடுத்துவிடவோ காகிதம் எதுவும் வேண்டியதில்லை. மகள் வேறு மாநிலம். விளையாட்டுக்காகத் தற்காலிகமாக இரவல் கொடுத்தால் கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. அதே துப்பாக்கியை அவளுக்கே கொடுத்துவிட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் மூலமாகத்தான் போக வேண்டும், அங்கே அவளுடைய பின்னணிச் சோதனையும் நடக்கும். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர் என்று தெரிந்து ஒருவரிடம் கொடுப்பது குற்றம். பெற்ற பிள்ளை என்பதால் அதில் சலுகை இல்லை. 2023 நவம்பரில் ஒஹாயோ மக்கள் ஓட்டுப் போட்டுக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஆனால் கூட்டரசுச் சட்டத்தின் கண்ணில் கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மகனின் நண்பர் வட்டம் எனக்குத் தெரியும். நேராகவே கேட்டேன். அவனும் நேராகவே பதில் சொன்னான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வேறு எந்தச் சந்தர்ப்பமும் வாய்த்திருக்காது.

மகன் எயிட் செவன்ட்டியைக் கேட்பது மான் வேட்டைக்கு. மானைச் சுடுகிறான் என்று கேட்டபோது என் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நம் ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் ஜெயில். இங்கே கதை வேறு. கட்டுப்பாடில்லாத வேட்டையால் 1904 வாக்கில் ஒஹாயோவில் மானே இல்லாமல் போயிருந்தது. பிறகு கொண்டுவந்து விட்டு, வேட்டைக்கு நாளும் எண்ணிக்கையும் நிர்ணயித்து வளர்த்ததில், இன்றைக்குச் சோள வயலிலும் நெடுஞ்சாலையிலும் அவைதான். ஷாட்கன் என்றால் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று விதி. அதற்காகத் தோட்டா போகும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியை வைத்து அடைப்போம். ஒவ்வொரு வருஷமும் அவன் கேட்பான், "குச்சி உள்ள இருக்காப்பா?" நான் இருக்கிறது என்பேன், அவன் கழற்றிப் பார்ப்பான். முன்மூடியைத் திருகி எடுத்தால் ட்ராப் குழல் கையோடு வந்துவிடும். மான் குழலை மாட்டிக்கொள்வான். கிடைத்த வருஷம் அவன் அம்மா கறியைப் பள்ளிபாளையம் பக்குவத்தில் வறுப்பாள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். ஒஹாயோ மான் கறிக்கு அதைவிடப் பொருத்தமான பக்குவத்தை நான் கண்டதில்லை.

2021 அக்டோபரில் அவள் போய்விட்டாள். எட்டு மாதம் புற்றுநோயோடு இருந்து போனாள். பிள்ளைகள் நவம்பர்வரை மாறி மாறி என்னோடு இருந்தார்கள். பிறகு அவர்களுக்கும் வேலை, வீடு. மகன் வழக்கம்போலத் துப்பாக்கி வாங்கிக்கொண்டு போனான், டிசம்பர் நடுவில் திருப்பிக் கொண்டுவந்தான். நான் சோபாவிலிருந்து எழவில்லை. "எதுக்குத் திருப்பிக் கொண்டாந்த? நீயே வெச்சுக்க. மத்ததும் உங்களுதுதான், எனக்கெதுக்கு இனி" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னதாக நினைத்தேன். அவன் பதில் பேசாமல் சேஃபில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஜனவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் வந்து நின்றான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, மூணையும் கொஞ்ச நாளைக்கு நான் எடுத்துட்டுப் போறேன்பா."

"எதுக்குடா? மான் சீசன்தான் முடிஞ்சிருச்சே."

"தெரியும்பா."

அவ்வளவுதான் சொன்னான். வருஷக்கணக்காக நான் அவனைப் பார்த்தபடி கேட்ட அந்த நாலாவது கேள்வியை, அவன் வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டுக்கொண்டு நின்றான். நான் அப்போது எப்படி இருந்தேன் என்பதை இங்கே முழுதாக எழுத மாட்டேன். தூக்கமில்லை, சாப்பாடில்லை, சாயங்காலம் ஆனால் நிலவறையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பது போதும். என்னைவிட அவன் முன்னதாகப் பார்த்துவிட்டான். நான் கீழே போய்ச் சேஃபைத் திறந்தேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்தான், திறந்தான், கண்ணால் பார்த்தான், சுண்டுவிரலை விட்டுத் தடவினான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒன்றைக்கூடத் தவறவிடாமல். தோட்டாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டான். வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து ரசம் வைத்தான். அன்றும் மறுநாளும் என்னோடு இருந்தான். அடுத்த வாரம் மகள் வந்து டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

அக்கா, உன் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு சாகிறவர்கள். வயதான ஆண்களிடம் அது இன்னும் அதிகம். வேறு வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பதில்லை. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் சாவதில்லை. அந்தக் கெட்ட நேரம் கடந்துபோகும்வரை கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், வாங்கிய சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே துப்பாக்கிக் கடைக்காரர்களும் தற்கொலைத் தடுப்புக்காக உழைப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நண்பரோ உறவோ சோர்ந்திருந்தால் அவருடைய துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். குடித்திருப்பவரிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொள்வதுபோல. என் மகன் அதையெல்லாம் படித்துவிட்டு வந்தானா என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் இரவல் என்று ஒரு பழக்கம் இருந்தது. எனக்கு மானக்கேடு இல்லாமல் கேட்க அவனுக்கு ஒரு வார்த்தை இருந்தது. துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனா, தெரியாது. இரவல் என்று கேட்டான். கொடுத்தேன்.

(இதைப் படிக்கும் யாருக்காவது, அல்லது யாரையாவது நினைத்துக்கொண்டு படிப்பவருக்கு: அமெரிக்காவில் இருந்தால் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அந்த எண் வந்ததும் அதே வருஷம், 2022 ஜூலையில்தான்.)

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மூன்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். தங்கச்சியும் வந்திருந்தாள். மூவரும் சுடப் போனோம். எனக்குப் பதினொன்றுதான் உடைந்தது; கை நடுங்கியது. சாயங்காலம் துடைத்தோம். சோபா மேசையில் பழைய துண்டு விரித்து, குழலுக்குள் துணியை விட்டு இழுத்து, கரி போகப் போக வெள்ளையாக வரும்வரை. அந்தச் சுத்தம் செய்யும் திரவத்தின் வாசனை வந்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து "ஜன்னலத் தொறங்க" என்று சொல்வது என் காதில் விழுந்தது. மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். ராத்திரி அவன் மூன்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். கோடை முழுக்க அப்படித்தான், என் துப்பாக்கியை நான் அவனிடம் இரவல் வாங்கிச் சுட்டேன்.

செப்டம்பரில் இருபது கேஜும் பாயிண்ட் டூ டூவும் வீட்டுக்கு வந்தன. எயிட் செவன்ட்டியை நானே வேண்டாம் என்றேன். கொலம்பஸிலேயே இருக்கட்டும். சேஃபின் எண்ணை மாற்றினோம். அது மூவருக்கும் தெரியும். அந்த ஆயுத பூஜைக்கு மகள் வந்து கதவில் பொட்டு வைத்தாள். அவளும் திறக்கவில்லை.

போன வாரம் மகனுக்குப் போன் போட்டேன். "தம்பி, எயிட் செவன்ட்டி சும்மா இருக்கா? சனிக்கிழமைக்கு எனக்கு வேணும்டா."

"எங்கப்பா?"

சொன்னேன்.

"யார் கூட? எப்பத் திருப்பித் தருவீங்க?"

அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அவன் மகள் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ராத்திரி தூங்கறீங்களாப்பா?"

"தூங்கறேன்டா. நல்லாத் தூங்கறேன்."

"சரிப்பா. ட்ராப் குழலை மாட்டிக் கொண்டாந்துர்றேன். நானும் வர்றேன். பாப்பாவையும் கூட்டிட்டு வரட்டுமா? அவளுக்குக் காதுக்கு மாட்டறது வாங்கியாச்சு." அப்புறம், வைக்கப் போகும்போது, "வெஸ்ட்டுப் பையை உதறிப் பாத்துட்டீங்களா?" என்றான்.

எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பார்த்தாயிற்று என்றேன்.